இளநிலை மாணவர் ஆய்வுகள் வெளியுலகை எட்டிய வழிகள்: மூன்று அமெரிக்கச் சான்றுகள்

அமெரிக்கக் கல்லூரிகளில் இளநிலை மாணவர் இறுதியாண்டில் உருவாக்கும் ஆய்வுப் பணிகள் பெரும்பாலும் மதிப்பெண்ணோடு நின்றுவிடுகின்றன. அவ்வெல்லையைக் கடந்த மூன்று பணிகள் எவ்வழியே கடந்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்ட் ஃபெயின்மன் மூலக்கூறு விசைகள் குறித்து எழுதிய ஆய்வேடு, நெறியாளர் ஜான் ஸ்லேட்டரின் வழிகாட்டுதலால் 1939இல் 'பிசிக்கல் ரிவ்யூ' இதழில் கட்டுரையாக வெளிவந்தது. அதன் முடிவை ஹான்ஸ் ஹெல்மன் முன்னரே கண்டிருந்தமையால், அத்தேற்றம் இருவர் பெயராலும் வழங்குகிறது.

மியூனிக் உடன்பாட்டுக்கு இட்டுச்சென்ற பிரித்தானியக் கொள்கை பற்றி ஜான் எஃப். கென்னடி ஹார்வர்டில் எழுதிய ஆய்வேடு 1940இல் நூலாயிற்று. பிரித்தானியாவுக்கான அமெரிக்கத் தூதராயிருந்த தந்தையின் செல்வாக்கும் இதழாளர் ஆர்தர் கிராக்கின் உதவியும் அதற்குத் துணைநின்றன.

யேல் மாணவி மாயா லின் வகுப்புப் பணியாக வரைந்த வியட்நாம் போர் நினைவுச்சின்ன வடிவம், 1981இல் 1,421 வடிவங்களுள் முதலிடம் பெற்றது. வரைந்தோர் பெயர்கள் நடுவர்க்கு மறைக்கப்பட்டிருந்தன.

நெறியாளர் ஆதரவு, குடும்பச் செல்வாக்கு, பெயர் மறைத்த போட்டி ஆகிய மூன்றனுள் இறுதியானதே அறிமுகமற்ற மாணவர்க்கும் திறந்திருந்தது எனலாம். ஆகவே, வெளிவந்தவற்றை மட்டும் கொண்டு ஒரு காலத்து மாணவர் ஆய்வின் தரத்தை அளவிடுதல் பொருந்தாது. நூலகங்களில் தங்கிவிட்ட ஏடுகளையும் வரலாற்றாய்வாளர் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும்.