கண்ணுக்கு மறைந்த எண்ணெய்

கடலில் எண்ணெய் சிந்திய பேரிடர்களின் வரலாற்றை நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். எண்ணெய் சிந்தியபோது மக்கள் கொண்டது துயரம். அதை அகற்ற வந்தவர்களைக் கண்டபோது அவர்கள் கொண்டது ஐயம். இந்த ஐயத்தின் வேர் 1967-ஆம் ஆண்டுவரை பின்னோக்கிச் செல்கிறது.

அவ்வாண்டு மார்ச் 18-ஆம் நாள், ஏறத்தாழ 1,19,000 டன் குவைத் கச்சா எண்ணெயைச் சுமந்து வந்த 'டோரி கேன்யன்' என்னும் கப்பல், இங்கிலாந்தின் கார்ன்வால் கரைக்கு அப்பாலுள்ள பாறைத் திட்டில் மோதிச் சிதைந்தது. கடலிலும் கரையிலும் ஏறத்தாழ 10,000 டன் சலவை வேதிப்பொருள் தெளிக்கப்பட்டது. எண்ணெய் கண்ணுக்கு மறைந்தது. ஆனால் பாறைகளில் ஒட்டி வாழ்ந்த சிற்றுயிர்களும் மறைந்தன. அவற்றைக் கொன்றதில் எண்ணெயைவிட அம்மருந்துக்கே பெரும்பங்கு உண்டு என்று பிளிமத் நகரின் கடல் உயிரியலார் கண்டறிந்தனர். கடல்நாய்களின் பொருட்டு மருந்து தெளிக்காமல் விடப்பட்ட கோட்ரெவிப் பாறைகள் சில ஆண்டுகளிலேயே உயிர்பெற்றன. மருந்து மிகுதியாய்ப் படிந்த இடங்களோ பத்தாண்டுகளுக்குப் பின்னரும் முழுமையாக மீளவில்லை. நோயினும் மருந்து கொடிதாகலாம் என்ற பாடம் அன்று பதிவாயிற்று.

நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் மெக்சிகோ வளைகுடாவில் அந்தப் பாடம் மீண்டும் நினைவுகூரப்பட்டது. 2010 ஏப்ரல் 20 இரவு, அமெரிக்காவின் லூசியானா மாநிலக் கரைக்கு அப்பால் 'டீப்வாட்டர் ஹொரைசன்' என்னும் துளையிடும் மேடை வெடித்துத் தீப்பற்றியது. பதினொரு தொழிலாளர் மாண்டனர். ஏறத்தாழ 1,500 மீட்டர் ஆழத்தில் உடைந்த கிணற்றிலிருந்து எண்ணெய் பீறிட்டது. 87 நாள்களுக்குப் பின் ஜூலை 15-ஆம் நாளே அதை அடக்க முடிந்தது.

நாளொன்றுக்கு எவ்வளவு எண்ணெய் வெளியேறுகிறது? இதுவே முதற்கேள்வி. முதலில் 1,000 பீப்பாய் என்றார்கள். ஏப்ரல் இறுதியில் 5,000 என்றார்கள். மே மாதத்தில் கடலடிக் காட்சிகள் வெளியிடப்பட்ட பின், சுதந்திரமான அறிஞர்கள் அவற்றைக் கணித்து, அளவு பன்மடங்கு பெரிதென்றனர். இறுதியில் அரசின் அறிஞர் குழு, தொடக்கத்தில் நாளொன்றுக்கு 62,000 பீப்பாய் வெளியேறியது என்ற முடிவுக்கு வந்தது. அமெரிக்கச் சட்டப்படி அபராதம் பீப்பாய்க் கணக்கில் விதிக்கப்படுவது. அளவு குறைந்தால் அபராதமும் குறையும். அளந்து சொல்லும் கையும் அபராதம் கட்டும் கையும் ஒன்றாயிருக்கையில், மக்கள் ஐயுறாதிருப்பரோ?

இரண்டாவது கேள்வி மருந்தைப் பற்றியது. எண்ணெயை நுண்துளிகளாய்ச் சிதறடிக்கும் 'கோரெக்ஸிட்' என்னும் வேதிப்பொருள் ஏறத்தாழ 70 லட்சம் லிட்டர் பயன்படுத்தப்பட்டது. அதில் ஏறத்தாழ 29 லட்சம் லிட்டர் ஆழ்கடலில் கிணற்றின் வாயிலேயே செலுத்தப்பட்டது. அத்தகைய ஆழத்தில் அது அதற்குமுன் பயன்படுத்தப்பட்டதில்லை. நச்சுத்தன்மை குறைந்த மாற்றைத் தேடுமாறு சுற்றுச்சூழல் காப்பு முகமை மே மாதத்தில் பி.பி. நிறுவனத்துக்கு ஆணையிட்டது, தகுந்த மாற்று இல்லை என்று நிறுவனம் மறுமொழி தந்தது. மருந்தின் உட்பொருள்களின் முழுப்பட்டியல் வணிக இரகசியமெனக் காக்கப்பட்டு, ஜூன் மாதத்தில்தான் மக்கள் கண்ணுக்கு வந்தது.

இங்கு நடுவுநிலை தவறலாகாது. சதுப்பு நிலங்களில் எண்ணெய் புகுந்துவிட்டால் அதை அகற்றுவது மிக அரிது. அதைத் தடுக்கவே சிதறடிக்கும் மருந்து தெளித்தனர். பிற மருந்துகளைவிட அது கொடியதன்று என்று முகமையின் பின்னைய சோதனைகள் கூறின. 1967-இன் மருந்தும் 2010-இன் மருந்தும் ஒன்றல்ல. மக்கள் ஐயுற்ற யாவும் மெய்யென நிலைபெறவில்லை. எனினும் சிதறிய எண்ணெய் கடலை விட்டு நீங்கிய எண்ணெய் அன்று. பார்வையை விட்டு நீங்கிய எண்ணெய் என்பதை எவரும் மறுத்தற்கில்லை.

2010 ஆகஸ்ட் 4-ஆம் நாள் அரசு ஒரு கணக்கை வெளியிட்டது. எஞ்சியது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே என்ற செய்தி பரவியது. ஆனால் அக்கணக்கின்படியே, கடல்மீதிருந்து வழித்தெடுத்தது 3 விழுக்காடு. எரித்தது 5 விழுக்காடு. கிணற்று வாயிலிருந்து நேரே கைப்பற்றியது 17 விழுக்காடு. மற்றதில் பெரும்பகுதி ஆவியாகவோ கரைந்தோ சிதறியோ போனதாக மதிப்பிடப்பட்டது. சிதறியதை நீங்கியதாய்க் கொள்ளலாகாது என்று ஜார்ஜியாப் பல்கலைக்கழக அறிஞர்கள் எதிர்வாதம் செய்தனர். 2013-இல் லூசியானாக் கரையோரம் மணலோடு இறுகிய ஏறத்தாழ 18 டன் தார்ப்பாளம் தோண்டி எடுக்கப்பட்டது.

இந்த விவாதத்தின் சுமையைத் தாங்கியவர் யார்? கடலை நம்பி வாழ்ந்தோரே. ஜூன் தொடக்கத்தில் வளைகுடாவின் கூட்டாட்சிக் கடற்பரப்பில் ஏறத்தாழ 37 விழுக்காட்டில் மீன்பிடிப்பு தடைசெய்யப்பட்டிருந்தது. லூசியானாவின் இறால் மீனவருள் கணிசமானோர் போருக்குப் பின் வியட்நாமிலிருந்து புகலிடம் தேடி வந்தவர்கள். அவர்களுள் பலர் நம் விசுவாசத்தைச் சார்ந்தவர்கள். பிழைப்பை இழந்தவர்களைத் துப்புரவுப் படகுகளில் கூலிக்கு அமர்த்தியதும் பி.பி. நிறுவனமே. அதன் சொல்லை ஐயுற்றுக்கொண்டே அதன் கூலியை வாங்கவேண்டிய நிலை! இறால் உண்ணத்தக்கது என்று சோதனைகள் கூறிய பின்னும் வாங்குவோர் தயங்கினர். நம்பிக்கை கெட்ட இடத்தில் மெய்யான நற்செய்தியும் விலைபோகாது. அந்த இழப்பும் மீனவர் தலையிலேயே விழுந்தது.

ஐயுற்றோர் அறியாமையால் ஐயுற்றனர் என்று இகழ்ந்தோர் அன்று பலர். ஆனால் 2012 நவம்பரில் பி.பி. நிறுவனம் பதினொருவரின் சாவுக்கான குற்றத்தோடு, நாடாளுமன்ற விசாரணைக்கு இடையூறு செய்த குற்றத்தையும் ஒப்புக்கொள்ள இசைந்தது. எண்ணெய் வெளியேறிய வேகத்தைக் குறைத்துக் காட்டியதே அவ்விடையூறு. நீதிமன்றம் 2015-இல் கடலில் கலந்தது 31.9 இலட்சம் பீப்பாய் என்று தீர்ப்பளித்தது. அரசு வாதிட்டது அதனினும் மிகுதி; நிறுவனம் வாதிட்டது அதனினும் குறைவு.

இவ்வரலாற்றிலிருந்து நாம் எல்லா அறிவியலையும் ஐயுறக் கற்றுக்கொள்வோமாயின் தவறாகப் படித்தவர்களாவோம். பொய்யான அளவை வெளிப்படுத்தியதும் அறிவியலே. மக்களின் ஐயம் அதற்குக் கதவைத் திறந்துவிட்டது. காட்சிகளை வெளியிடுங்கள், உட்பொருளைச் சொல்லுங்கள், பொறுப்பாளியல்லாதார் அளக்கட்டும் என்னும் இம்மூன்று கோரிக்கைகளும் முதல் நாளிலேயே ஏற்கப்பட்டிருந்தால், பின்னர்ச் சொன்ன உண்மைகளேனும் நம்பப்பட்டிருக்கும். கடலைத் துப்புரவு செய்ய வருவோர் கொண்டுவரவேண்டிய முதற்கருவி திறந்த கணக்கேடு. அது இல்லாதபோது கரையில் நிற்கும் மீனவன் கேள்வி கேட்கிறான். அவனைக் கேட்கவிடுவதே நீதி.