கேஸ் அலாரமும் ஐப்பசி மழையும்

சென்ற ஐப்பசி அடைமழையில் எங்கள் வீட்டு கேஸ் அலாரம் இரண்டு இரவு தொடர்ந்து கத்தியது. ரெகுலேட்டரிலும் டியூபிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்தோம், கசிவு இல்லை. மூன்றாம் நாள் பிளக்கைப் பிடுங்கிவிட்டோம். நம் நகரில் வேறு சில வீடுகளிலும் இதே கதைதான் என்று பிறகு தெரிந்தது. காரணம் தேடியபோது கிடைத்த வரலாறு இது.

சமையல் எரிவாயுவுக்குத் தானாக மணம் கிடையாது. 1937-இல் அமெரிக்காவின் டெக்சாஸில், நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளியில், யாரும் அறியாமல் தேங்கிய எரிவாயு வெடித்து ஏறக்குறைய 300 பேர் இறந்தனர், பெரும்பாலோர் பிள்ளைகள். அதன் பிறகுதான் அங்கே வாயுவில் நாற்றம் கலப்பது சட்டமானது. நம் சிலிண்டரிலும் அதற்காகவே மெர்காப்டன் சேர்க்கிறார்கள். ஆனால் தூங்குகிறவரின் மூக்கை நம்ப முடியுமா?

ஜப்பானில் வீட்டு சிலிண்டர் விபத்துகள் பெருகிய காலத்தில், 1962-இல், நவோயோஷி தாகுச்சி என்பவர் வெள்ளீய ஆக்சைடால் ஒரு சென்சார் செய்தார். சூடாக்கிய அந்த ஆக்சைடின் மேல் காற்றிலுள்ள ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டு மின்னோட்டத்தைத் தடுக்கும். கேஸ் வந்தால் அந்த ஆக்சிஜன் அதனோடு வினைபுரிந்து விலகும், தடை குறையும், அலாரம் அடிக்கும்.

சிக்கல் இங்கேதான். ஈரக்காற்று பட்டாலும் தடை குறைகிறது. சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டர் ஈரத்தைப் பெருமளவு விரட்டும், முழுவதும் போகாது. அதனால் ஈரப்பதத்தைத் தனியே அளந்து கணக்கில் கழிக்கும் கருவிகள் வந்தன. ஈரத்துக்கு அசையாத பொருளைத் தேடும் ஆராய்ச்சி உலகெங்கும் இன்றும் நடக்கிறது. நமக்குப் பக்கத்தில் தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்திலும் துத்தநாக ஆக்சைடு சென்சார்களை ஆராய்கிறார்கள்.

பொய்யாகக் கத்தும் அலாரத்தைவிடப் பிடுங்கி வைத்த அலாரம்தான் ஆபத்து. உண்மையில் கசியும் நாளில் அது வாய் திறக்காது. பல நாள் கழித்து மாட்டினாலும் உடனே சரியாக வேலை செய்யாது. சூடேறி நிலைக்கு வர நேரம் பிடிக்கும்.

ஆகவே, மழை தொடங்குமுன் ஒன்று செய்வோம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. அலாரத்தைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில், குக்கர் ஆவியும் பாத்திரம் கழுவும் தண்ணீரும் படாத இடத்தில் மாட்டுவோம். அடித்தால், மழைதானே என்று விடாமல், சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்கு அழைப்போம். எங்கள் வீட்டில் மறுபடி மாட்டியாகிவிட்டது.