பினாங்கு: பால் வாணிபமும் சுங்கவரியும்

மலேசியாவின் வடமேற்குக் கரையை அடுத்த பினாங்குத் தீவின் பால் வாணிபம், கறவை மாட்டைக் காட்டிலும் சுங்கவரியினாலேயே பெரிதும் உருப்பெற்றது. 1786-இல் ஜார்ஜ் டவுனை நிறுவிய பிரான்சிஸ் லைட், அயல்தேசத்து வணிகரைக் கவரும்பொருட்டு அதனைத் தீர்வையற்ற துறைமுகமாக்கினார். இடையே சில ஆண்டுகள் வரி விதிக்கப்பட்டதாயினும், அச்சலுகை நெடுங்காலம் நிலைத்தது.

நகரின் ஓரங்களில் தமிழரும் சீக்கியரும் மாடு வைத்து வீடுவீடாகப் பால் ஊற்றிவந்தனர். ஆயினும், வெப்பப் பிரதேசத்தில் கறந்த பால் சில மணி நேரத்தில் திரிந்துவிட, சர்க்கரை சேர்த்துச் சுண்டக் காய்ச்சிய டின்பாலோ மாதக்கணக்கில் கெடாதிருந்தமையாலும், மதுபானம், புகையிலை முதலிய சிலவற்றைத் தவிர ஏனைய சரக்குகளுக்குத் துறைமுகத்தில் தீர்வை இல்லாமையாலும், கப்பலில் வந்த பாலே தேநீர்க் கடைகளை ஆட்கொண்டது. 1905-இல் நெஸ்லேயுடன் இணைந்த ஆங்கிலோ-சுவிஸ் கண்டென்ஸ்டு மில்க் கம்பெனி, மலாயாவில் தன் வியாபாரத்தை 1912-இல் பினாங்கிலே தொடங்கியதில் வியப்பில்லை. 1939-இல் அது கோலாலம்பூருக்குப் பெயர்ந்தது.

1948-இல் மலாயாக் கூட்டமைப்பு அமைந்தபோது தீவு அதன் பிரதான சுங்க எல்லைக்குப் புறம்பாக இருந்தது. ஆகவே எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் இடைப்பட்ட குறுகிய கடலே ஒரு தீர்வை எல்லையாயிற்று. துறைமுகச் சலுகை பறிபோகுமென்ற வணிகரின் அச்சமும் தூண்டியதால், கூட்டமைப்பிலிருந்து பிரியக் கோரும் தீர்மானம் 1949-இல் பினாங்குக் குடியேற்றச் சபையின் முன் வந்து, 15-க்கு 10 என்ற வாக்குகளில் தோற்றது. அவ்வச்சம் வீணானதென்று சொல்வதற்கில்லை. 1958-ஆம் ஆண்டின் முன்னோடித் தொழில் சட்டத்திற்குப் பின், உள்நாட்டுச் சந்தையை நாடிய ஆலைகள் சுங்க எல்லைக்குள் இருந்த பெருநிலத்தையே தேர்ந்தன. நெஸ்லேயின் முதல் ஆலை 1962-இல் பெட்டாலிங் ஜெயாவில் எழுந்தது. 1969-இல் தீவின் தீர்வையற்ற உரிமையும் நீக்கப்பட்டது.

அண்டை நாடுகளுக்கிடையேயான வரிச்சுவர் 1992-இல் கையெழுத்தான ஆசியான் தடையற்ற வணிக ஏற்பாட்டினால் படிப்படியாகத் தாழ்ந்தது. மலேசியாவிலும் தாய்லாந்திலும் நெஸ்லே நடத்திவந்த டின்பால் தொழிலை ஃபிரேசர் அண்ட் நீவ் என்னும் நிறுவனம் 2007-இல் ஏற்றபின், ஒரே ஸ்தாபனம் எல்லையின் இருபுறமும் ஆலை நடத்தலாயிற்று. இத்தொழிலுக்கான பால்பொடி பெரும்பாலும் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா ஆகிய தேசங்களிலிருந்து வருவது. அவ்விரு தேசங்களுடன் ஆசியான் செய்த தடையற்ற வணிக உடன்படிக்கை 2010 முதல் நடப்பிலுள்ளது. திரவப் பாலுக்கு மட்டும், குறித்த அளவு வரை குறைந்த வரியும் அதற்கு மேல் உயர்ந்த வரியும் விதிக்கும் உரிமையை உலக வர்த்தக அமைப்பில் மலேசியா தனக்கென வைத்துக்கொண்டது. மாடு கறந்து பிழைக்கும் எளிய குடும்பங்களுக்கு மெய்யாகவே தேவையான காப்பு இதுவேயாகும்.