வெள்ளகவிப் பாதையும் நுன் சிகரமும்

பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரை அருவியிலிருந்து வெள்ளகவி என்ற மலைக் கிராமம் வழியாக, கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலுக்கு ஒரு பழைய ஒற்றையடிப் பாதை ஏறுகிறது. விடியற்காலையில் அடிவாரத்தில் கிளம்பினால், நடந்து பழகியவர் பொழுது சாய்வதற்குள் கொடைக்கானல் சேர்ந்துவிடலாம். ஒரே பகலில் 1,500 மீட்டருக்கு மேல் ஏற்றம். லடாக்கின் சுரு பள்ளத்தாக்கை ஒட்டி நிற்கும் 7,135 மீட்டர் உயர நுன் சிகரத்தில், நிதானமான எந்தக் குழுவும் முகாம் மாறும்போது ஒரு நாளில் இவ்வளவு ஏறாது. 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், இன்றிரவு படுக்கும் இடம் நேற்றுப் படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயர வேண்டாம் என்கிறது மலை மருத்துவம். வெள்ளகவிப் பாதையில் ஒரு பகலில் முடிகிற ஏற்றத்துக்கு அங்கே மூன்று இரவுகளாவது வேண்டும்.

பணம் கட்டி இமயமலைக் குழுவில் சேரும் ஆசை தமிழ்நாட்டில் இப்போது நன்றாகவே வேர்விட்டிருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதம் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார். தமிழ்நாட்டிலிருந்து அங்கே ஏறிய முதல் பெண் அவர். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, கொடைக்கானல் இருக்கும் பழனிமலைத் தொடரில் நடந்து பழகினால் இமயத்துக்குப் போதுமா என்று கேட்கும் இளைஞர்களுக்காகவே இரண்டு மலைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

உடம்பிலிருந்து தொடங்கலாம். கொடைக்கானல் ஏரி இருப்பது ஏறத்தாழ 2,100 மீட்டரில். கடல் மட்டத்துக் காற்றழுத்தத்தில் முக்கால் பங்குக்கு மேல் அங்கே கிடைக்கும். நுன் உச்சியில் பாதிகூடக் கிடைக்காது. தூக்கம் கெடும், பசி போகும், நாலு அடி வைத்து நின்று மூச்சு வாங்க வேண்டும். நுரையீரலில் நீர் கோர்த்தாலோ மூளை வீங்கினாலோ உடனே கீழே இறங்குவதுதான் முதல் மருந்து. வட்டக்கானல் படிகளில் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் இதற்கு உடம்பு பழகாது. ஆனால் முழங்காலுக்கும் முதுகுக்கும் பழனிமலையை விட நல்ல ஆசான் கிடையாது. பத்து கிலோ பையோடு ஈரப் பாறையில் இறங்குவது, அட்டைக்கடியைப் பொருட்படுத்தாமல் நடையின் தாளத்தைக் காப்பது, மஞ்சு மூடி முன்னால் போகிறவர் முதுகே தெரியாதபோது பதறாமல் நிற்பது என இவை எல்லாம் மேலே அப்படியே கைகொடுக்கும்.

கொடைக்கானலின் குணா குகையை எல்லோருக்கும் தெரியும். 2006இல் கேரளத்தின் மஞ்ஞும்மலிலிருந்து சுற்றுலா வந்த நண்பர்களில் ஒருவர் அங்கே பாறைப் பிளவுக்குள் விழுந்தார். இன்னொரு நண்பர் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி அவரை மீட்டார். 2024இல் வந்த படம் அதை ஊரறியச் செய்தது. அந்தத் துணிவுக்கு முன் தலை தாழ்த்துகிறேன். ஆனால் இமயத்தின் பனியாற்றில் நடப்பவர்களுக்குப் பிளவு தினசரி சங்கதி. அதன் வாயை மெல்லிய பனி மூடியிருக்கும், மேலிருந்து பார்த்தால் சமதரையாகத் தோன்றும். அதனால் அங்கே யாரும் தனியாகக் கால் வைப்பதில்லை. இடுப்புப் பட்டையில் கயிறு கோத்து, இடைவெளி விட்டு, வரிசையாகப் போவார்கள். ஒருவர் உள்ளே போனால் மற்றவர்கள் அந்த நொடியே பனியில் விழுந்து கோடரியை ஊன்றி இழுவையைத் தாங்க வேண்டும். பிறகு கப்பி அமைத்து மேலே இழுக்க வேண்டும். டார்ஜிலிங்கில் 1954இல் தொடங்கிய இமயமலையேற்றப் பயிற்சி நிலையமும், உத்தரகாசியில் 1965இல் தொடங்கிய நேரு மலையேற்றப் பயிற்சி நிலையமும் ஏறக்குறைய நான்கு வாரம் தங்கவைத்துக் கற்றுத்தருவதில் இதுவும் ஒன்று. அந்த அடிப்படைப் பயிற்சி முடிக்காதவரை 7,000 மீட்டர் சிகரத்துக்குச் சேர்த்துக்கொள்ளும் நிறுவனத்தை நான் நம்ப மாட்டேன்.

கட்டணத்தில் ஒரு பகுதி கூடாரத்துக்கும் சாப்பாட்டுக்கும் கயிற்றுக்கும் போகும். அதைவிடப் பெரிதாக நாம் வாங்குவது, தகுந்த நேரத்தில் 'திரும்பு' என்று சொல்லும் ஒருவரை. அந்தச் சொல்லுக்கு இரு மலைகளிலும் ஒரே மதிப்பு இல்லை.

எவரெஸ்ட்டில் 1996 மே 10 அன்று நடந்ததைப் பாருங்கள். நியூசிலாந்து வழிகாட்டி ராப் ஹால் அதற்கு முந்தைய ஆண்டு, உச்சிக்கு வெகு அருகில் வந்துவிட்ட வாடிக்கையாளர் ஒருவரைத் திருப்பி அழைத்துப் போயிருந்தார். அதே மனிதர் மறுபடி பணம் திரட்டி வந்தார். பிற்பகல் 2 மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்ற பேச்சு இருந்தும், அவர் உச்சியை அடைந்தபோது மணி 4ஐத் தாண்டிவிட்டது. ஹால் அவருக்காகக் காத்திருந்தார். அந்தப் புயலில் மலையின் இரு பக்கமும் சேர்த்து எட்டுப் பேர் இறந்தார்கள்; அந்த இருவரும், இன்னொரு குழுவின் தலைவர் ஸ்காட் ஃபிஷரும் அதில் அடக்கம். இரண்டாம் முறை வந்தவரிடம் இன்னொரு முறை 'வேண்டாம்' என்பது எவ்வளவு கடினம்! கட்டிய காசும் பட்ட பாடும் வழிகாட்டியின் வாயை அடைக்கின்றன.

நம் பக்கத்தில் அந்தச் சொல்லை அடைப்பது வேறொன்று: மலை சின்னது என்ற நினைப்பு. பழனிமலையை அடுத்த தேனி மாவட்டத்து குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று, கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். காய்ந்த புல் எரியத் தொடங்கினால் தீ சரிவில் மேல்நோக்கி எவ்வளவு வேகமாக ஓடும், எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்பது மலைவாழ் மக்களுக்குத் தெரியும். மார்ச்சில் புல்மேட்டுக்குப் போவதே அவர்களுக்கு யோசனைக்குரிய காரியம். அதன்பின் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 பாதைகளோடு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. உள்ளூர் மலைவாழ் இளைஞர்கள் வழிகாட்டிகளாக வருகிறார்கள். தீப்பருவத்தில் பாதைகளை மூடுகிறார்கள். இதை மனதார வரவேற்கிறேன்.

ஆனாலும் குறை இருக்கிறது. அப்படி வழிகாட்டியாக வரும் பளியர் பழங்குடி இளைஞர் ஒருவர் காட்டுமாட்டின் சூடான சாணத்தைப் பார்த்ததும் நின்று, வளைவுக்கு அப்பால் காது கொடுத்து, 'சுத்திப் போலாம்' என்கிறார். பின்னால் வருபவர் அரை மணி வீணாகிறதே என்று முணுமுணுக்கிறார். இதே நபர் நுன்னில் ஷெர்பா சொன்னால் மறுபேச்சின்றிக் கேட்பார். அங்கே அவர் நிபுணர். இங்கே இவர் 'பையைத் தூக்கிவரும் பையன்'. இந்த வேற்றுமை எனக்கு மனம் பொறுக்கவில்லை.

இதற்குப் பழைய வேர் உண்டு. 1845இல் மதுரை அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியபோது மலைச்சாலை கிடையாது. அடுத்த நூற்றாண்டில் வத்தலக்குண்டு சாலை திறக்கும்வரை துரைமார்களும் குழந்தைகளும் பெட்டிகளும் பெரும்பாலும் டோலியிலும் தலைச்சுமையிலும் ஏறினார்கள். ஊர் வரலாறுகளில் வீடு கட்டியவர் பெயர் இருக்கிறது, தூக்கிச் சென்றவர் பெயர் இல்லை. ஷெர்பாக்களும் நெடுங்காலம் இதே இடத்தில்தான் நின்றார்கள். 2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்ட்டின் கும்பு பனியருவியில் பனிச்சரிவு 16 நேபாளத் தொழிலாளர்களைக் கொன்றபோது, உடனிருந்தவர்கள் ஏற மறுத்தார்கள். இழப்பீடும் காப்பீடும் உயர வேண்டும் என்று அரசிடம் கேட்டார்கள். அந்தப் பருவத்தில் நேபாளப் பக்கத்து ஏற்றம் அத்தோடு ஏறக்குறைய நின்றுபோனது. உலகமே அண்ணாந்து பார்க்கும் மலையில் நிற்பதால் அவர்கள் குரல் கேட்டது.

வெள்ளகவிக்காரர்களின் குரல் அப்படி எட்டவில்லை. நோயாளியை டோலி கட்டித்தான் சுமந்து இறக்கவேண்டிய நிலை அங்கே வெகுகாலம் நீடித்தது. அந்தப் பாதையின் ஒவ்வொரு திருப்பமும் மனப்பாடமாக உள்ள இளைஞர்களை உத்தரகாசிக்கு அரசு செலவில் அனுப்பி அடிப்படைப் பயிற்சி முடிக்க வைக்கலாம். காப்பீடும் முதலுதவிப் பயிற்சியும் ஆண்டு முழுவதற்கும் சம்பளமும் தரலாம். பாதையை மூடவும் குழுவைத் திருப்பவும் அவர்களுக்கு எழுத்து மூலமான அதிகாரம் வேண்டும். திரும்பியதற்காக யாரும் பணம் திருப்பிக் கேட்க முடியாது என்ற நிபந்தனையும் அனுமதிச் சீட்டிலேயே அச்சாக வேண்டும். நுன்னுக்குப் போக நினைப்பவர் முதலில் இவர்களில் ஒருவரின் பின்னால் கும்பக்கரையிலிருந்து நடக்கட்டும். அவர் நில் என்றால் நிற்கவும், பாதி வழியில் இறங்கு என்றால் முகம் கோணாமல் இறங்கவும் முடிகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு லடாக்குக்கு முன்பணம் கட்டட்டும்.