பாலையில் எழுந்த எல்லை நகரம்

வரைபடத்தில் ஒரு நேர்கோடு. அதன் வடபால் காலெக்சிகோ; தென்பால் மெக்சிகாலி. முன்னது அமெரிக்க ஐக்கிய நாட்டைச் சேர்ந்தது. பின்னது மெக்சிகோ நாட்டுப் பாகா கலிபோர்னியா மாநிலத்தின் தலைநகர். கலிபோர்னியா, மெக்சிகோ என்னும் இரு பெயர்களையும் துண்டித்து முன்பின்னாக ஒட்டியே இவ்விரு ஊர்களுக்கும் பெயரிட்டனர்.

கோடையில் மெக்சிகாலியின் வெப்பம் 50 பாகை செல்சியசையும் தாண்டுவதுண்டு. மழையோ ஆண்டுக்கு மூன்று அங்குல அளவே. இத்தகைய பாலையில் ஊர் தோன்றியது எவ்வாறு? கொலராடோ ஆற்று நீரை அமெரிக்கரின் இம்பீரியல் பள்ளத்தாக்கிற்குக் கொண்டுசெல்ல 1901இல் திறந்த கால்வாய், மணற்குன்றுகளுக்கு அஞ்சி மெக்சிகோ மண்ணின் வழியே வளைந்து சென்றது. அந்நீரை நம்பி 1903இல் மெக்சிகாலி எழுந்தது. 1905இல் ஆறு கரையை உடைத்துக்கொண்டு பாய்ந்தது; புதிய ஊரின் பெரும்பகுதி அழிந்தது. 1907இல்தான் உடைப்பை அடைத்தனர்.

சுற்றியிருந்த நிலத்தின் பெரும்பகுதி அமெரிக்க முதலாளிகளின் கொலராடோ ஆற்று நிலக் கம்பெனியிடம் இருந்தது. காடு திருத்திப் பருத்தி விளைக்கச் சீனத் தொழிலாளர் வந்தனர், குத்தகைக்கும் பயிரிட்டனர். நகரில் அவர்கள் குடியிருந்த பகுதி 'லா சினெஸ்கா' எனப்பட்டது. அங்குக் கடைகளுக்கடியில் நிலவறைகள் அமைத்து வெயிலுக்கு ஒதுங்கினர்.

1937 சனவரி 27ஆம் நாள், நிலமற்ற மெக்சிக உழவர் கம்பெனி நிலங்களுட் புகுந்து உரிமை கோரினர். அதிபர் லாசரோ கார்தெனாஸ் நிலத்தைப் பகிர்ந்தளித்தார். போற்றத்தக்க செயலே, ஆயினும் அந்நிலத்தைத் திருத்திய சீனர் பலர் குத்தகையை இழந்தனர். பலர் நகரில் கடை வைத்தனர், பலர் வெளியேறினர்.

நிலம் கிடைத்த உழவர்க்கும் நீரால் துன்பம் வந்தது. 1944ஆம் ஆண்டு உடன்படிக்கை மெக்சிகோவுக்கு ஆண்டுதோறும் 15 இலட்சம் ஏக்கர்-அடி நீரை உறுதிசெய்தது. அளவைச் சொன்ன அவ்வேடு தன்மையைச் சொல்லவில்லை. 1961இல் மேற்புற வயல்களின் உப்பு வடிகால் நீர் ஆற்றில் கலந்தது. மெக்சிகாலி வயல்கள் கெட்டன. 1973இல்தான் உப்பின் அளவுக்கும் வரம்பு கண்டனர்.

இன்று இந்நகரின் சீன உணவகங்கள் புகழ்பெற்றவை. பருத்திக்காட்டில் உழைத்தவர்க்கு இவ்வூரில் எஞ்சிய அடையாளங்களுள் அவையும் ஒன்று. எல்லைக்கோட்டை மாணவர்க்குக் காட்டும் ஆசிரியர், 'மண்ணைத் திருத்தியவர் யார்? மண் யாருக்குச் சேர்ந்தது?' என்னும் இரு வினாக்களையும் உடன் கேட்பாராக.