காலப் பயணக் கதையில் காலவழு

ஜப்பானியர் தம் படக்கதைகளை ‘மங்கா’ என வழங்குவர். சிறுவர்க்கென எழுந்த அத்தகைய நூலொன்றை ஆராய்ச்சி ஏட்டில் எடுத்துப் பேசுதல் தகுமோ எனச் சிலர் ஐயுறலாம். மக்கள் விரும்பிப் பயிலும் ஆக்கம் எதுவாயினும், அது தான் தோன்றிய காலத்து அறிவையும் அச்சத்தையும் தன்னகத்தே பொதிந்து வைத்திருத்தலின், அதுவும் வரலாற்றுச் சான்றேயாம். ஈண்டு, காலங்கடந்து சென்று தொல்விலங்கைக் காணும் கதையொன்றை எடுத்துக்கொண்டு, அதன்கண் உள்ள காலப் பிழைகள் வழுவெனத் தள்ளத்தக்கனவோ, வழுவமைதியெனக் கொள்ளத்தக்கனவோ என்பதனை ஆராய்வோம்.

அக்கதை ‘நோபிட்டாவின் டைனோசர்’ என்பது. இதனை ஆக்கியவர் புஜிமோட்டோ ஹிரோஷி (1933–1996). இவர் தம் நண்பர் அபிகோ மோட்டோவுடன் 1987 வரை ‘புஜிக்கோ புஜியோ’ என்னும் ஒரே புனைபெயரைப் பகிர்ந்துகொண்டவர். இருபத்திரண்டாம் நூற்றாண்டிலிருந்து வந்த பூனை வடிவப் பொறியாகிய டோரேமோனின் கதைகள் 1970 சனவரி இதழ்களில் தொடங்கின. அவ்வரிசையில் 1975-இல் சிறுகதையாக வெளிவந்த இது, 1980-இல் நெடுங்கதையாக விரிந்தது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களிலேயே திரைப்படமும் ஆயிற்று.

கதைப் போக்கு வருமாறு: தோழனொருவன் காட்டிய புதைபடிவத்தைக் கண்டு பொறாமையுற்ற நோபிட்டா என்னும் சிறுவன், தான் முழு டைனோசரையே கொணர்வதாகவும், இயலாதாயின் மூக்கால் உணவு உண்பதாகவும் வீறு பேசுகின்றான். மண்ணைத் தோண்டிக் கல்லாய் இறுகிய முட்டையொன்றைப் பெறுகின்றான். காலத்தைப் பின்னோக்கிச் செலுத்தும் துணியால் அதனைப் பண்டை நிலைக்கு மீட்டு, தன் உடற்சூட்டால் அடைகாக்கின்றான். பிறந்த குட்டிக்குப் பீசுக்கே எனப் பெயரிட்டு வளர்க்கின்றான். அது மறைத்து வைக்கவொண்ணாதபடி பெருத்தபோது, காலப்பொறியில் ஏற்றிப் பத்துக் கோடி ஆண்டுகட்கு முற்பட்ட கடலில் கொண்டுவிடுகின்றான். எதிர்காலத்திலிருந்து வந்த வேட்டையர் பீசுக்கேயை விலை பேசுகின்றனர்; சிறுவன் இசையவில்லை. அதனை அதற்குரிய கடலில் சேர்க்கும் பொருட்டு அவனும் தோழரும் படும் பாடே கதையின் பிற்பகுதியாம்.

இக்கதை வெறுங் கற்பனையன்று. 1968-ஆம் ஆண்டில் புக்குஷிமா மாநிலத்து இவாக்கி என்னுமிடத்தில், சுசுகி தடாஷி என்னும் உயர்நிலைப் பள்ளி மாணவர் நெடுங்கழுத்துக் கடல்வாழ் ஊர்வனவொன்றின் படிவ எலும்புகளைக் கண்டெடுத்தார். பீசுக்கே அவ்வினத்ததாகவே கதையில் குறிக்கப்பெறுகின்றது. மாணவன் ஒருவன் மண்ணில் பெற்ற பேற்றையே ஆசிரியர் நோபிட்டாவுக்கும் அளித்தார் எனல் பொருந்தும். அவ்விலங்கு ‘புட்டாபாசாரஸ் சுசுகீ’ என அறிவியன் முறைப்படி பெயர் பெற்றது 2006-இல். இக்கதை இரண்டாம் முறை திரைப்படமாக வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே.

இதற்கு முன்னரே ஜப்பானியர் தொல்விலங்கைக் கதைக்குள் கொணர்ந்துள்ளனர். 1954 மார்ச்சு 1-ஆம் நாள் பிகினித் தீவில் அமெரிக்கர் வெடித்த நீரகக் குண்டின் சாம்பல், 23 பேர் சென்ற ஜப்பானிய மீன்பிடி கலமொன்றின்மீது வீழ்ந்தது. அவருள் வானொலிப் பணியாளர் செப்டம்பரில் மாண்டார். அவ்வாண்டு நவம்பர் 3-ஆம் நாள் ஹோண்டா இஷிரோ இயக்கிய ‘காட்சில்லா’ வெளிவந்தது. குண்டு வெடிப்பால் துயர் உற்ற தொல்விலங்கு ஆங்கே நகரை அழிக்கின்றது. முடிவில் மாந்தரால் கொல்லப்படுகின்றது. 1975-இன் கதையிலோ தொல்விலங்கு சிறுவனால் வளர்க்கப்பெற்று, தன் காலத்துக்கே மீள்கின்றது. முன்னதில் பண்டைக் காலம் பழிவாங்க வருகின்றது. பின்னதில் அது புகலிடம் நாடி நிற்கின்றது. இருபது ஆண்டுகளில் நேர்ந்த இம்மாற்றம் கருதத்தக்கது.

இனி வழுவினைக் காண்போம். ‘காட்சில்லா’ படத்தில் அறிஞர் ஒருவர் ஜுராசிக் காலத்தை இருபது இலக்கம் ஆண்டுகட்கு முற்பட்டதென்பார். அக்காலம் முடிந்தே ஏறத்தாழ பதினான்கரைக் கோடி ஆண்டுகள் ஆகின்றன. அது பல கோடி ஆண்டுகட்கு முற்பட்டதென்பது 1954-லேயே அறிஞர் அறிந்ததாதலின், இது வழுவே. பீசுக்கேயை டைனோசர் என்றதும் அத்தகையதே. நெடுங்கழுத்துக் கடல் ஊர்வன டைனோசர் வகையைச் சார்ந்தவையல்ல என்பது அன்றே தெளிந்த செய்தி. ஆயினும் பொதுமக்கள் வழக்குப் பற்றி வந்தமையின், இதனை ஒருவாறு அமைத்துக்கொள்ளலாம்.

முட்டையின் நிலை வேறு. அவ்வகை ஊர்வனவற்றுள் ஒன்றின் வயிற்றில் கருவோடு கூடிய படிவம் 1987-இல் அமெரிக்காவின் கான்சாசில் கிடைத்தது. அதன் ஆய்வு 2011-இல் வெளியாயிற்று. அவை முட்டையிடாது குட்டி ஈன்றன என அதுகொண்டு அறிஞர் துணிகின்றனர். எனவே நோபிட்டா அடைகாத்த முட்டை உலகில் இருந்திருக்கவே இயலாது. எனினும் 1975-இல் எழுதியவர்க்கு இச்சான்று எட்டியிராது. கிட்டாத அறிவைக் கேட்டுப் பழி சுமத்துதல் ஆராய்ச்சி நெறியன்று, இது வழுவமைதியேயாம்.

இவ்வேறுபாடு இந்நூலளவில் நில்லாது. பழைய நூலொன்றில் பிழை காணுந்தோறும், அஃது ஆசிரியர் அறிந்திருக்கக் கூடியதோ, அவர் காலத்தில் எவரும் அறியாததோ என வினவிய பின்னரே தீர்ப்புரைத்தல் வேண்டும். மேலும், முட்டையை நீக்கின் கதையே இல்லை. தன் உடற்சூட்டால் ஓருயிரைப் பிறப்பித்தவன் ஆதலினன்றோ அதனை விற்க மறுக்கின்றான்! அறிவியலுக்கு ஒவ்வாத முட்டையே கதையின் அறத்திற்கு அடிப்படையாய் நிற்கின்றது. பிழையைப் பிழையெனக் குறித்துக்கொண்டே, அப்பிழையின்மீது எழுந்த உண்மையையும் போற்றுதல் ஆராய்வார் கடனாம்.