வில்வண்டியிலிருந்து குட்டி யானை வரை

மாட்டு வண்டிக் காலத்தில் பாரம் ஏற்றக் கட்டை வண்டி, ஆட்கள் போய்வர வில்வண்டி என்று இரண்டு தினுசு இருந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். வில் என்பது இருசுக்கும் கூண்டுக்கும் நடுவே வளைந்திருக்கும் எஃகுப் பட்டைகள். 1800களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒபதியா எலியட் என்பவர் குதிரை வண்டிகளுக்கு நீள்வட்ட வில்லைக் கொண்டுவந்தார். சென்னையில் 1840இல் தொடங்கிய சிம்சன் கம்பெனியும் முதலில் கோச்சு வண்டி கட்டிய நிறுவனம்தான்.

கட்டை வண்டி எலும்பைக் குலுக்கும். ஆனால் வில் இல்லாததால் வில்லின் மேல் ஆடும் ஆட்டம் அதற்கு இல்லை. வண்டிக்காரர் முன்பாரம், பின்பாரம் பார்த்து ஏற்றினால் போதும்.

லாரி வந்ததும் கதை மாறியது. 1948இல் சென்னையில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி, 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. 1954இல் ஜம்ஷெட்பூரிலிருந்து டாடா மெர்சிடஸ் லாரிகள் வந்தன. ஆளுக்குச் சுகம் தந்த அதே வில், இப்போது டன் கணக்கில் பாரத்தைத் தாங்கியது. வளைவில் திரும்பும்போது பாரம் வெளிப்பக்கம் சாயும். அந்தப் பக்கத்து வில் அமுங்கும். வண்டி முழுவதும் ஆடும். வில்கள் இரண்டும் சக்கரங்களுக்கு உள்ளே, நெருக்கமாக இருப்பதால் ஆட்டம் இன்னும் கூடும்.

இதற்கு மூன்று வைத்தியங்கள் உண்டு. முதலாவது, பட்டைகளைக் கூட்டுவது. வில் விறைப்பாகும்; ஆனால் காலி வண்டி தூக்கித் தூக்கிப் போடும். அதனால்தான் பாரம் ஏறிய பிறகு மட்டும் வேலை செய்யும்படி மேலே தனியாக ஒரு துணை அடுக்கு வைத்தார்கள். இரண்டாவது, இடது வலது சக்கரங்களை இணைக்கும் முறுக்குத் தண்டு. கனடாவைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் 1919இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு பக்கமும் சமமாக அமுங்கினால் இது சும்மா இருக்கும். ஒரு பக்கம் மட்டும் அமுங்கினால் முறுக்கேறி எதிர்த்து நிற்கும். பாரத்தைத் தாங்குவது இதன் வேலை அல்ல. மூன்றாவது, ஷாக் அப்சார்பர். சாய்வை அது தடுக்காது. சாய்ந்த வண்டி திரும்பத் திரும்ப ஆடாமல் அடக்கும்.

2005இல் டாடா ஏஸ் வந்தது. முக்கால் டன் சுமக்கும் அந்தச் சின்ன வண்டிக்கு நம் மக்கள் ‘குட்டி யானை’ என்று பெயர் வைத்தார்கள். சந்துபொந்தெல்லாம் புகுந்து சிறு வியாபாரிகளுக்குச் சோறு போட்டது. கூடவே, நாலு பட்டை சேர்த்தால் இன்னும் கொஞ்சம் ஏற்றலாம் என்ற ஆசையும் வந்தது.

ஆபத்து இங்கேதான். வண்டி கவிழ்வதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இரண்டு விஷயங்கள்: சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலம், பாரத்தின் உயரம். பட்டை சேர்ப்பதால் இரண்டுமே மாறுவதில்லை. வண்டி ஆடுவது ஓட்டுநருக்கு ஓர் எச்சரிக்கை. ஆட்டத்தை அடக்கிவிட்டு அதே உயரத்துக்கு அடுக்கினால், எச்சரிக்கை போய்விடும், ஆபத்து அப்படியே இருக்கும். பிரேக்கும் டயரும் கூட அந்தக் கூடுதல் பாரத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. 2019இல் சட்டத்தைத் திருத்தி, அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்று ஆக்கினார்கள்.

பிள்ளைகளோ பேரன்களோ இப்படி வண்டி வைத்திருந்தால் சொல்லுங்கள்: கனமானது கீழே, லேசானது மேலே. இரண்டு பக்கமும் சமமாக அடுக்கி, நகராமல் கட்ட வேண்டும். டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும். திருப்பத்துக்குள் போய் பிரேக்கை மிதிக்காமல், திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். பட்டை சேர்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.